டிவியில் வந்த அண்ணன்

நகரி பக்கத்தில் எங்கள் ஊர். நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய காயிதங்களையெல்லாம் ஆறாவது படித்துக்கொண்டிருந்த நான்தான் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அண்ணன் பெங்களூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஏதோ ராக் பேண்டில் டிரம்ஸ் அடிக்கப் போய்விட்டான் என்று தெரிந்த அன்று நைனா சோற்றைத் தொடவில்லை. யார் யார் காலிலோ விழுந்து வாங்கிக் கொடுத்த வேலை அது. எங்கள் வீட்டில் கூலிக்குப் போகாமல் மாசச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அண்ணன்தான். ராத்திரி ஒரு இன்லாண்டு லெட்டரை எடுக்கச் சொல்லி, "உன் அப்பன் செத்துட்டான்னு நெனச்சுக்கோன்னு எழுது" என்றார். ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன்.

மறுநாள் சாயந்திரம் கூப்பிட்டு, "அத்தப் போடாத, கிழிச்சுடு" என்றார். நானோ காலையில் பள்ளிக்கூடம் போகும்போதே பெட்டியில் போட்டிருந்தேன். அடிக்குப் பயந்து, கிழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. நைனா தினமும் தபால்காரரை நிறுத்திக் கேட்பார். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

கடைசியில் அண்ணன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் மட்டும் பேசினான். அவர்கள் பேண்டு ஒரே ஒரு பாட்டைத் தனிக் கேசட்டாக வெளியிட்டிருக்கிறதாம். அதற்குப் படமும் பிடித்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை டிவியில் வருமாம். ஒரு பாட்டுக்காடா ஒரு கேசட்டு என்று அம்மா கேட்டதற்குச் சிரித்தானாம்.

ஊரில் கேபிள் இருந்தது பால் சொசைட்டிக்காரர் வீட்டில் மட்டும்தான். "நான் வரல" என்று சொன்ன நைனா, சலவை வேட்டி கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தார்.

இங்கிலீஷ் பாட்டு, ஒரே கத்தல். புகைக்கு நடுவில் நாலு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணனை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். டிரம்ஸுக்குப் பின்னால் மொட்டைத் தலையோடு இருந்தான். மீசையும் இல்லை.

எங்கள் பக்கம், திருப்பதியில் மொட்டை போட்டாலும் அப்பன் இருக்கிறவன் மீசையைத் தொடமாட்டான். அப்பனுக்குக் கொள்ளி வைத்தவன்தான் எடுப்பான். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சொசைட்டிக்காரர் பெண்சாதிக்குப் பொறுக்கவில்லை. "அப்பன் குத்துக்கல்லாட்டம் குந்திகினு இருக்கறப்போ இது இன்னா கூத்து?" என்றாள்.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு டிவியைப் பார்த்தபடியே, "நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார். பாட்டு முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அடிதான் என்று நினைத்தேன். அவர் இன்லாண்டு லெட்டர் எடுக்கச் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"நைனா உயிரோடதான் இருக்கேன்னு எழுது" என்றார். காயிதம் அவ்வளவுதான். இருக்கிற மனுஷன் இருக்கிறேன் என்று எழுதுவானேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதிவிட்டு, இவ்வளவு இடம் வீணாகிறதே என்று என் பரீட்சை மார்க்கையெல்லாம் எழுதி நிரப்பினேன்.