எடுத்தது ஒரு பக்கம், கேள்வி நாலு பக்கம்

ஆபரேஷன் செய்வது டாக்டர் வேலை. அதற்குப் பிறகு வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வது நர்ஸ் வேலை. மன்னார்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் முப்பது வருஷம் அதைச் செய்தேன். வெள்ளைச் சேலையோடு இதே பாடு பட்டவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

ட்ரேயில் இருந்தது

கழக ஆட்சி வந்த புதிது. பாக்கியம் என்ற விவசாயக் கூலிப் பெண்ணுக்கு இடது சினைப்பையில் சாத்துக்குடி அளவு கட்டி. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. கட்டியோடு அந்தப் பக்கத்துச் சினைப்பையையும் எடுத்தார் டாக்டரம்மா. எடுத்ததை ட்ரேயில் வைத்து வீட்டாரிடம் காட்டுவது எங்கள் வழக்கம். அவள் மாமியாரிடம் காட்டி, "எடுத்தாச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். அடுத்த கேஸ் டேபிளில் இருந்தது.

மறுநாளே ஊரெல்லாம் பாக்கியத்துக்குக் கர்ப்பப்பை போய்விட்டது என்று பேச்சு. மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்பியாயிற்று. கோபத்தோடு அந்த அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"எடுத்ததைக் காட்டுனீங்க. உள்ள மிச்சம் என்ன இருக்குன்னு சொன்னீங்களா?"

வாசல் கேள்வி

தையல் பிரிக்கும் நாளில் டாக்டரம்மா, "ஏதாவது கேக்கணுமா?" என்றார். பாக்கியம் இல்லையென்று தலையாட்டினாள். டாக்டரிடம் எவளும் கேட்கமாட்டாள். கதவைத் தாண்டியதும் நம் கையைப் பிடித்துக்கொள்வாள். பாக்கியமும் பிடித்தாள். "ஒரு பக்கந்தான் இருக்குன்னா, மாசாமாசம் வருமா, ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் வருமா?"

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. "தெரியாது, வா கேப்போம்" என்று திரும்ப உள்ளே இழுத்துப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: மாசாமாசம் வரும், குழந்தையும் பிறக்கலாம். ஆனால் கட்டியின் துண்டு தஞ்சாவூருக்குப் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. ரிசல்ட் கெட்டதாக வந்தால் மறுபக்கத்தையும் எடுக்க வேண்டி வரும். பாக்கியம் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்து அவள் சொன்னது இது:

"தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னீங்க நர்சம்மா. நாளைக்கு நல்ல சேதி சொன்னாலும் நம்பலாம்."

எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்டுகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

உட்காரலாமா?

அடுத்த செக்கப்பிலும் ரிசல்ட் வரவில்லை. சம்பா அறுவடை நேரம். ஊருக்கு ஊர் கூலித் தகராறு. அவள் ஊர் மிராசுதார் அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கப் போவதாகப் பேச்சு. நான் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன்: குனியாதே, பாரம் தூக்காதே, அரிவாள் பக்கமே போகாதே. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவள், "உக்காரலாம்ல?" என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"போலீசு வந்து தூக்குற வரைக்கும். மறியலுக்குக் குனிய வேண்டாம், உக்காந்தா போதும்."

நடுரோட்டில்

ரிசல்ட் வந்தது. செக்கப்புக்குப் பாக்கியம் வரவில்லை. கடிதம் போட்டால் யாராவது படித்து வேறு மாதிரி சொல்வார்கள் என்று நானே பஸ் ஏறினேன். ஊருக்கு ஒரு மைல் முன்னால் பஸ் நின்றுவிட்டது. ரோட்டை மறித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பாக்கியம், பக்கத்திலேயே மாமியார். எதிரே போலீஸ் வேன்.

தனியாக வா என்று சைகை காட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை. "இங்கயே சொல்லுங்க நர்சம்மா. கர்ப்பப்பை போச்சுன்னு எல்லார் முன்னாடியுந்தானே சொன்னாங்க."

காகிதத்தைப் பிரித்து உரக்கச் சொன்னேன். கட்டியில் கெட்டது எதுவும் இல்லை. கர்ப்பப்பை அப்படியே இருக்கிறது. வலது சினைப்பை நன்றாக இருக்கிறது, அதை யாரும் எடுக்கப் போவதில்லை. குழந்தை பிறக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. பிறக்க வழி இருக்கிறது. பாக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி தன் வெள்ளைப்படுதலைப் பற்றிக் கேட்டாள், இன்னொருத்தி அடிவயிற்று வலியைப் பற்றி. இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாமியார் மட்டும் என் சேலையைப் பிடித்து இழுத்தார்:

"வலது பக்கம் நல்லாருக்கு, அப்படித்தானே? இந்தத் தடவ நான் தப்பாச் சொல்லிடக் கூடாது பாருங்க."

சர்வீசில் மெடல் எதுவும் வாங்கவில்லை, ஆனால் போலீஸ் வேனைக் காக்க வைத்து நடுரோட்டில் அவுட்பேஷண்ட் பார்த்த நர்ஸ், எனக்குத் தெரிந்து, இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான்.