அறுபது பேருக்குக் களி

சுதந்திரம் வந்த வருஷம் எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். அதைத் தவிர அந்த வருஷத்தில் எனக்கு நன்றாக நினைவிருப்பது களிதான். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பா ராணுவக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்தார். அரிசி ரேஷனில் கொஞ்சம்தான் வரும். கேழ்வரகு தாராளமாகக் கிடைத்தது. அம்மா, அப்பா, என்னைவிட நாலு வயது பெரிய அண்ணன், நான் என்று நாலு பேருக்கும் இரண்டு வேளையும் களி.

எனக்கு அது ஆகவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் சுகாதார டீச்சர், எதைச் சாப்பிட்டாலும் முப்பத்திரண்டு தடவை மென்றுதான் விழுங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார், பல்லுக்கு ஒரு தடவை. நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. களியையும் எண்ணி எண்ணி மென்றேன். ஐந்தாறு தடவைக்குள் அது பசையாகிவிடும். பல்லிடுக்கில் ஒட்டும், அண்ணத்தில் அப்பும், நாக்கால் தள்ளினால் நாக்கிலேயே தங்கிவிடும். இருபது எண்ணுவதற்குள் குமட்டிக்கொண்டு வரும்.

"முழுங்குடி," என்பாள் அம்மா. "அத இன்னாத்துக்கு வெத்தல மாதிரி மென்னுக்கினு கீற?"

"டீச்சர் மெல்லச் சொன்னாங்க."

"உங்க டீச்சர் வூட்டுல களி துன்றாங்களா, சோறு துன்றாங்களா? போய்க் கேட்டுக்கினு வா."

நான் போய்க் கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டு, காலையில் ரொட்டி, மத்தியானம் சோறு என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படித்தவர்கள் சோறு சாப்பிடுவார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் களி சாப்பிடுவார்கள். நான் படிக்கப் போகிறவள். அன்று மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ராத்திரியும் சாப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நான் அசையவில்லை. சாயங்காலம் எனக்குத் தலை சுற்றி, கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பானைக்குள் கைவிட்டு இரண்டு பிடி அரிசி எடுத்து உலையில் போட்டாள்.

"ஞாயித்துக்கெழமைக்குன்னு வெச்சிருந்தது. துன்னு. துன்னுட்டு மகாராணி ஆயிடு."

அன்றிலிருந்து ரேஷனில் வந்த அரிசி எனக்கென்று ஆகிவிட்டது. மற்ற மூன்று பேரும் களி உருண்டையோடு உட்காருவார்கள், நான் பக்கத்தில் சோற்றோடு உட்காருவேன். அண்ணன் ஒரு நாளும் எனக்கும் கொடு என்று கேட்டதில்லை. என் தட்டில் இருப்பது அவனுடைய பங்கும்தான் என்று எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று. அப்போதெல்லாம் ஜெயித்துவிட்டேன் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

ஜெயித்த தைரியத்தில் பிடிக்காதவற்றின் பட்டியலும் நீண்டது. கத்தரிக்காய் வழவழவென்று இருக்கிறது. வெந்தயக்கீரை கசக்கிறது. மார்கழி வந்தால் ஊர் முழுக்க மொச்சைக்காய். எந்தத் தெருவில் நடந்தாலும் தோல் உரித்துக் குவித்திருப்பார்கள். அந்த வாசனைக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். பிடித்தது ஒன்றே ஒன்று, பிரேசர் டவுன் பேக்கரியில் விற்கும் சர்க்கரை தூவிய பன். பெரியவளானால் மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிடுவேன் என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

படித்து முடித்து, இருபத்தோரு வயதில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சின்னச் சின்ன உருளைகளில் சுற்றுகிற வேலை. எங்கள் செக்‌ஷனில் எல்லோரும் பெண்கள். சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை பிரேசர் டவுனுக்குப் போய், ஆசை ஆசையாக அந்த பன்னை வாங்கிக் கடித்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. தித்திப்பு தொண்டையை அடைத்தது. வீட்டுக்கு வந்து, "பேக்கரி கெட்டுப்போயிடுச்சி," என்றேன். மீதியை வாங்கித் தின்ற அண்ணன், "எப்பவும் போலதானே கீது," என்றான்.

டிபன் டப்பாவில் நான் கொண்டுபோவது தயிர்ச்சோறு. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டால் மூன்று மணிக்கெல்லாம் வயிறு காலி. கை லேசாக நடுங்கினாலும் போதும், கம்பி அறுந்துவிடும். அறுந்தால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு தடவை சூப்பர்வைசர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனார்.

அடுத்த இருக்கையில் இருந்தவள் கனகபுரா பக்கத்திலிருந்து வந்த கன்னடத்துப் பெண். என் வயதுதான். தினமும் அவள் டப்பாவில் தேங்காய் அளவுக்கு ஒரு களி உருண்டை இருக்கும். அவர்கள் அதை முத்தே என்பார்கள். பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தால் மணி அடிக்கிறவரை கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள். அவள் கம்பி அறுந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை சூப்பர்வைசர் வந்து நின்ற நாளுக்கு மறுநாள், சாப்பாட்டு வேளையில் அவள் தன் டப்பா மூடியில் ஒரு துண்டு முத்தேயும் கொஞ்சம் மொச்சைச் சாறும் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"தின்னு. இல்லான்னா உன் வேலை ஹோகுத்தே," என்றாள், அவளுக்குத் தெரிந்த தமிழில். வேலை போய்விடுமாம்.

"எனக்கு இது ஆகாது. வாந்தி வரும்."

"யாக்கே?"

ஏன் என்று கேட்கிறவளுக்குச் சொல்லிப் பயனில்லை, செய்தே காட்டலாம் என்று ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு மென்றேன். அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, அகியபாரது! மெல்லக்கூடாது! நுங்கு! முழுங்கு!"

அவள் விரலால் ஒரு கோலிக்குண்டு அளவு கிள்ளி, உருட்டி, சாற்றில் முக்கி, வாயில் போட்டாள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அவ்வளவுதான். நானும் கிள்ளினேன், உருட்டினேன், முக்கினேன், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒட்டவில்லை, குமட்டவில்லை. வாயில் தங்கியது சாற்றின் ருசி மட்டும்தான். பூண்டு, மிளகு, அதற்கு மேலே நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய அதே மொச்சை வாசனை. இப்போது அது நெய் போல் மணத்தது. இன்னொன்று விழுங்கினேன். மூடியை வழித்துவிட்டு அவள் டப்பாவைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

அன்று ஐந்து மணிவரை என் கை நடுங்கவில்லை.

வீட்டுக்குப் போனதும், "எனக்கும் களி போடும்மா," என்றேன். அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"இன்னா, ஒடம்பு சூடா கீதா?"

"இல்லம்மா. நெசமாத்தான். முழுங்கக் கத்துக்கினேன்."

"நான் பதிமூணு வருசமா அதத்தான் சொல்லிக்கினு இருந்தேன்," என்று சொல்லிவிட்டு அம்மா தட்டு எடுக்க உள்ளே போனாள். அண்ணன் தன் உருண்டையிலிருந்து ஒரு பெரிய விள்ளல் கிள்ளி என் தட்டில் வைத்தான். எனக்குக் கண் கலங்கியது. சாறு காரமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு அம்மாவுக்குத் தோள்வலி வந்து துடுப்பைப் பிடிக்க முடியாமல் போனது. வீட்டில் களி கிண்டுவது என் வேலையாயிற்று. முதல் மாதம் முழுக்கக் கட்டி கட்டியாக வந்தது. அப்பா ஒவ்வொரு கட்டியையும் தட்டோரத்தில் வரிசையாக வைத்து எனக்குக் காட்டுவார். மாவைக் கொட்டியதும் கிண்டிவிடுகிறேன், அதுதான் தப்பு என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் குவியலாகப் போட்டு, நடுவில் துடுப்பால் ஒரு குழி குத்தி, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் அந்தக் குழி வழியாக மேலே வந்து மாவைத் தானே வேகவைக்கும். அதற்குப் பிறகுதான் கிண்ட வேண்டும், விடாமல், பலம் கொண்ட மட்டும். ஒரு வருஷத்தில் அப்பாவின் தட்டோரம் சுத்தமாகிவிட்டது.

கம்பெனியில் எனக்கு நாலாவது வருஷம் நடந்தபோது மெஷின் ஷாப் போர்மேன் ஓய்வு பெற்றார். கோலார் பக்கத்து மனிதர், அதட்டிப் பேசுவார், ஆனால் ஒருவர் வேலைக்கும் உலை வைத்ததில்லை. விருந்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "முத்தே, பஸ்ஸாரு. வேற ஒண்ணும் வேண்டா," என்று சொல்லிவிட்டார். பஸ்ஸாரு என்றால் கீரையும் பருப்பும் வேகவைத்து, வடித்த தண்ணீரில் வைக்கிற சாறு. கேன்டீன் சமையல்காரர் உடுப்பிக்காரர். சாறு வைப்பார், முத்தே கிண்டத் தெரியாது. அதற்கென்று மண்டியாவிலிருந்து ஓர் ஆளை வரச் சொல்லியிருந்தார்கள். விருந்தன்று காலை பத்து மணிவரை அவர் வரவில்லை.

கேன்டீன் மேனேஜர் கையைப் பிசைந்தார். "சாதம் வடிச்சுச் சமாளிச்சிரலாம்," என்றார்.

அந்த நேரத்தில் டீ வாங்க வந்திருந்த நான், யோசிக்காமல், "நான் கிண்டறேன்," என்று சொல்லிவிட்டேன்.

அண்டா தூக்கிக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தமிழ் ஹுடுகி முத்தே மாடுதாளந்தே," என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். தமிழ்ப் பெண் முத்தே செய்கிறாளாம். இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்த அண்டாவ அடுப்புல வையுங்க," என்றேன். என் கனகபுராத் தோழியைக் கூப்பிட்டனுப்பினேன்.

நாலு அண்டா களி கிண்ட வேண்டும். துடுப்பு என் உயரத்துக்கு முக்கால்வாசி இருந்தது. முதல் அண்டாவில் மாவைக் குவித்துக் குழி குத்திவிட்டு நான் சும்மா நின்றேன். மேனேஜருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா நின்னுட்டே? கிண்டு, கிண்டு! அடி பிடிச்சிரும்!" என்று துடுப்பில் கையை வைத்தார்.

"இப்பத் தொட்டா எல்லாம் கட்டி. கைய எடுங்க சார்," என்றேன். அதுவரை மேனேஜர்களிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் கையை எடுத்தார்.

குழியில் தண்ணீர் கொப்பளித்து மேலே பரவி, மாவின் வெளிறிய நிறம் மாறியதும் விறகை வெளியே இழுக்கச் சொன்னேன். சிரித்த அந்த இரண்டு பேரும்தான் அண்டாவைக் கவைக்கோல் போட்டு அழுத்திப் பிடித்தார்கள். நான் காலை அகட்டி நின்று கிண்டினேன். முதலில் துடுப்பு நகரவே மறுத்தது. பிறகு அண்டாவோரத்தில் அழுத்தி அழுத்தித் திருப்பியதும் களி இளகிச் சுழன்றது. தோழி ஈரப் பலகையில் சுடச்சுட உருட்டினாள். முதல் உருண்டையைப் பிளந்து என்னிடம் காட்டினாள். உள்ளே ஒரு கட்டி இல்லை. அண்டா பிடித்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, "பரவாயில்லா," என்றார். நாலாவது அண்டாவுக்கு அவரே, "அக்கா, கிண்டலாமா?" என்று என் உத்தரவுக்காகக் காத்து நின்றார்.

அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். கழுத்தில் மாலையோடு போர்மேன் நடுவில். ஒரு விள்ளல் கிள்ளி, சாற்றில் முக்கி விழுங்கினார். இன்னொன்று விழுங்கினார். பிறகு தலையைத் தூக்கி, "யாரு மாடித்து?" என்று உறுமினார். மேனேஜர் என்னைக் கைகாட்டினார்.

"கண்டே இல்லா," என்றார் போர்மேன். கட்டியே இல்லை. "என் ஹெண்டதி, அதான் என் சம்சாரம், அவ கையில கூட இவ்வளவு மெத்துன்னு வராது. ஆனா இத என் வீட்ல யாரும் சொல்லிராதீங்க."

கேன்டீனே அதிரும்படி சிரித்துக் கைதட்டினார்கள். அவர் மூன்று உருண்டை சாப்பிட்டார். எல்லோரும் எழுந்த பிறகு நானும் தோழியும் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு.

மறுநாள் என் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இடது கையாலேயே தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போனேன். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் விறைப்பாக நின்று, "முத்தே அக்கா பந்த்ரு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தி சல்யூட் அடித்தார். முத்தே அக்கா வந்துவிட்டாராம். நானும் இடது கையால் ஒரு சல்யூட் அடித்துவிட்டு உள்ளே போனேன்.