அப்பாவின் முழங்கால்கள்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இடப்பக்கம் பின்னாலிருந்து மூன்றாவது வாங்கு, அந்த நீள மர இருக்கை, எங்களுடையது. எழுதி ஒட்டி வைத்த இடமல்ல, பழக்கத்தால் எங்களுடையதாகிப்போன இடம். பூசையில் நன்மை எடுக்கும் நேரம், சுவாமியார் கையிலிருந்து திரு அப்பம் வாங்கும் நேரம், வந்ததும் அந்த வாங்கில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நடுவழிக்குப் போவார்கள். நடுவழி ஓரத்தில் இருப்பவர் அப்பா. அவர் மட்டும் எழும்ப மாட்டார். பஸ்ஸில் யன்னல் கரைச் சீட்டுக்குப் போகிறவருக்கு ஒதுங்குவதுபோல முழங்கால்கள் இரண்டையும் ஒரு பக்கம் சாய்த்து வழிவிடுவார். என் சட்டை விளிம்பு அவருடைய முழங்காலில் உரசிக்கொண்டு போகும். நான் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது அந்த முழங்கால்கள் மறுபடியும் ஒதுங்கும். பதினான்கு வருடத்துக்கு மேல், ஒரு ஞாயிறு தவறாமல் இது நடந்தது.

ஏன் என்று கேட்டால் அம்மா, "அப்பாட்ட கேக்காத, பேசாம இரு" என்பார். ஊருக்கு அப்படியொரு கட்டுப்பாடு இல்லை. ஏதோ நேர்த்திக்கடன் என்றார்கள் சிலர். அக்கரைப்பற்றில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றுகூட ஒரு கதை இருந்தது. அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல பகிடி. வயலையும் வாய்க்காலையும் விட்டால் கல்முனைச் சந்தையைத் தாண்டிப் போகாத மனிதர் அவர்.

அப்பா வட்டை விதானை. குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துப் பகிர்கிறவர். குளத்து மதகான துரிசின் இரும்புக் கதவை எப்போது உயர்த்துவது, எவ்வளவு உயர்த்துவது, எப்போது இறக்குவது எல்லாம் அவர் கையில். வயல்காரர்கள் சேர்ந்து தெரிவு செய்கிற பதவி அது. மேட்டுக் கண்டத்தில் சொறிக்கல்முனைத் தமிழர்களின் வயல், பள்ளத்தில் இரண்டு பக்கத்தாருடையதும் கலந்திருக்கும். நிந்தவூரிலிருந்து சைக்கிளில் வந்து வயல் செய்கிற முஸ்லிம்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை நாங்கள் எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம்.

என் முதல் நன்மை ஒரு கோடைச் சிறுபோகத்தில், நெல் பூக்கும் நேரத்தில் வந்தது. மழை இல்லை, குளத்தில் தண்ணீர் மட்டு. அன்று எங்கள் வாய்க்காலுக்கு முறை. பூசை முடிந்து வர எப்படியும் மத்தியானமாகிவிடும் என்று அப்பா விடியவே போய், துரிசை வழக்கத்தைவிடக் கூடுதலாக உயர்த்திவிட்டு வந்திருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா தைத்த வெள்ளைச் சட்டையும் என் தலையில் வைத்த பூமுடியும்தான். அப்பாவும் வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம். எனக்குப் பக்கத்தில் நின்று அவரும் நன்மை எடுத்தார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைத்த நேரம், வாய்க்கால் உடைத்துக்கொண்டது என்று ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"போகாதீங்க" என்று நான் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்கு என்னோடு மல்லுக்கட்ட நேரமில்லை. தூக்கிச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு மிதித்தார். முதலில் துரிசுக்குத்தான் போனோம். அவர் சுற்றுப் பிடியைத் திருக, கதவு கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. அதற்குப் பிறகுதான் உடைப்புக்குப் போனோம். அங்கே காக்கா நின்றார். காலிலிருந்து நெஞ்சு வரை சேறு, கையில் மண்வெட்டி. உடைப்பு பாதி அடைபட்டிருந்தது. ஆனால் தண்ணீர் பாதிக்கு மேல் பற்றைக் காட்டுக்குள் ஓடிப்போயிருந்தது. பள்ளத்து வயல்காரர்கள் கொதித்துக்கொண்டு நின்றார்கள். தன் வயலுக்குத் தண்ணீர் எடுக்கக் காக்காதான் கரையை வெட்டினார் என்று ஒருவர் கத்தினார். தான் வெட்டவில்லை என்று காக்கா படைத்தவன் மேல் ஆணையிட்டார். கடைசியில் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

வெள்ளை உடுப்பில் வரம்பில் நின்ற அப்பா சொன்னது ஒரேயொரு வசனம். "மண்வெட்டி அவர்ர கையிலதானே இரிக்கி."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு ஊருக்கும் அது போதுமாயிருந்தது. பள்ளத்து நெல் மணி பிடிக்காமல் சாவியாய்ப் போனது. அடுத்த போகம் காக்காவுக்குத் தண்ணீர் முறை இல்லை என்று தீர்மானித்தார்கள். அதற்குப் பிறகு அவர் வெறும் காக்கா இல்லை, 'வாய்க்கால் உடைச்ச காக்கா'. வேறு காக்காமாரிலிருந்து பிரித்துச் சொல்ல அது வசதியான பெயராகிவிட்டது. கோபமில்லாமல், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் சொல்வேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லாத ஒரே ஆள் அப்பா.

அப்பா தன் பாட்டில் ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். தண்டனை முடிந்த நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் காக்காவின் வயலுக்குக் கொஞ்சம் முந்தித் தண்ணீர் விட்டார், கொஞ்சம் பிந்தி மறித்தார். யாருக்கும் சொல்லவில்லை. தண்ணீருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் வயல்காரனுக்குத் தெரியும். "பாருங்க, உடைச்சது காணாதெண்டு இப்ப விதானையாரை வெருட்டி எடுக்கிறான்" என்று பேச்சு வந்தது. அப்பா கொடுத்த ஒவ்வொரு துளியும் அந்தப் பெயரை இன்னும் ஆழமாக நட்டது. இதைப் பிற்காலத்தில் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

நான் படித்து முடித்து நிந்தவூரில் ஒரு பாடசாலைக்குக் கணித ஆசிரியையாகப் போன வருடம் எங்கள் கோயிலுக்குப் புதுச் சுவாமியார் ஒருவர் வந்தார். அந்தத் தவக்காலத்தில் அப்பா பதினான்கு வருடத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம் செய்தார். பெரிய பாவத்தைச் சுவாமியாரிடம் அறிக்கையிடாமல் நன்மை எடுக்கக் கூடாது என்பது எங்கள் முறை. அன்று மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து எனக்கும் அம்மாவுக்கும் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆண்டவரிட்ட நான் ஒவ்வொரு நாளும் சொல்லித்தான் வந்தன். அவரிட்ட சொல்லுறது லேசு மகள், அவர் ஆருக்கும் சொல்லமாட்டார்" என்றார். பிறகு, "சுவாமி கேட்டார், அந்த மனுசன்ட பெயரை இன்னும் கையில பொத்தி வச்சிரிக்கீங்களே, கையை விரிக்காம அப்பத்தை எப்பிடி வாங்கப் போறீங்க எண்டு" என்றார். வரப்போகிற விதைப்புக் கூட்டத்தில் எழுந்து சொல்லப் போவதாகவும் சொன்னார். ஊருக்கு முன்னால் சொன்னதை ஊருக்கு முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துரிசுக் கதவு இறங்கிய அந்தக் கிறீச்சு என் காதில் கேட்டது. அத்தனை வருடம் அது எனக்குள் பொருளில்லாமல் கிடந்திருக்கிறது. உடைப்பைப் பார்க்கும் முன்பே அப்பா துரிசுக்கு ஓடியது ஏன் என்று அந்த நிமிடம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு நான் என்ன சொன்னேன்? "இப்ப ஏனப்பா இதைக் கிளறுறீங்க? நான் நிந்தவூர்ல படிப்பிக்கிறன். ஸ்டாஃப் ரூம்ல எந்த முகத்தோட போய் இரிக்கிற? இந்தக் கூட்டம் வேணாம், அடுத்ததில பாருங்க." அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து, மழைக்காலப் பெரும்போகத்துக்கு. அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி மகள்" என்றார். அந்த ஆறு மாதமும் கோயிலில் அவருடைய முழங்கால்கள் எனக்கு ஒதுங்கிக்கொண்டே இருந்தன.

அந்த இடைவெளியில் காக்காவின் மனைவி இறந்துபோனார். அப்பாவை நான்தான் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஜனாஸா வீட்டுக்குப் போனேன். மதிலோரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். அந்தப் பெண் தன் கணவன் குற்றமில்லாதவன் என்று ஊர் சொல்லக் கேட்காமலே போய்விட்டார். அதற்கு நான் காரணம். அப்பா வழியில் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், மனம் ஆறியிருக்கும்.

பெரும்போகக் கூட்டத்துக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சுவரில்லாத கட்டடம். நான் ஸ்கூட்டியில் இருந்தபடியே கேட்டேன். எல்லாம் பேசி முடித்து வேறு ஏதும் உண்டா என்று கூட்டத் தலைவர் கேட்டபோது அப்பா எழும்பினார்.  "அண்டைக்கு வாய்க்கால் உடைஞ்சது என்னால. துரிசை அளவுக்கு மேல திறந்து போட்டு மகள்ர முதல் நன்மைக்குப் போனன். காக்கா உடைச்சவர் இல்ல, அடைச்சவர். தெரிஞ்சுகொண்டுதான் அந்த மண்வெட்டிக் கதையைக் கதைச்சன்."  காக்கா எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே வந்து, என்னைக் கடந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே புது விதானை தெரிவானார்.

அடுத்த ஞாயிறு நன்மை நேரம். நான் பழக்கத்தில் அப்பாவின் முழங்கால் ஒதுங்கக் காத்து நின்றேன். அவர் எழும்பி எனக்கு முன்னால் நடந்தார். எனக்குச் சந்தோசம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும், "காக்கா ஒரு வார்த்தை சொல்லல்ல, நீங்க போய் எடுத்திட்டீங்களே?" என்று கேட்டேன்.

"காக்கா மன்னிக்கிறது காக்காட விருப்பம் மகள். நான் சொன்னதுக்குக் கூலியா அதைக் கேக்க ஏலாது. ஆண்டவர் கூப்பிட்டார், போனன். இனியும் இருந்திட்டு நான் வரமாட்டன் எண்டு சொன்னா, அது எளிமையா? அது என்ர பெருமை."  கணக்கு டீச்சருக்குப் பிடிக்காத விடை அது.

காக்கா வர எட்டு மாதமானது. ஒரு பின்னேரம் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரே கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"அண்டைக்கு எனக்கு ரெண்டு சாட்சி இருந்த, விதானையார்" என்றார். "ஒண்டு அல்லாஹ், மத்தது நீங்க. அல்லாஹ் மறுமையிலதான் சொல்லுவான் எண்டு பொறுத்திரிந்தன். நீங்க இஞ்சயே சொல்லிட்டீங்க. அடியானுட ஹக்கை, அவனுக்குச் சேரவேண்டிய உரிமையை, அடியான்தான் விடோணும், அல்லாஹ்வும் அதுல கை வைக்கமாட்டான் எண்டு எங்கட ஆலிம்சா சொல்லுவார். எட்டு மாசம் யோசிச்சன். பொருந்தித்தன், மன்னிச்சிட்டன்."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தட்டத்தோடு நின்றேன். ரெண்டு சாட்சி இல்லை, மூன்று என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

அதன் பின் அப்பா வாழ்ந்த பதினோரு வருடமும் எனக்கு ஆச்சரியம்தான். பதவி இல்லை, மரியாதை பாதிதான். தன் சொந்த வயலுக்குத் தண்ணீர் வர மற்றவர்களைப் போல வரிசையில் நின்றார். ஆனால் மனிதர் லேசாகிவிட்டார். வரம்பில் குந்தியிருந்து யாருடனோ கதைத்துக்கொண்டிருப்பார். "ஆரோட கதைக்கிறீங்க?" என்று அம்மா கேட்டால், "வேற ஆரோட" என்பார். செபம் மாதிரியே இருக்காது. நாத்து மஞ்சளடிக்கிறது, முழங்கால் நோகிறது, கொக்கு கூடிப்போச்சு என்று சும்மா கதை. முன்பு ஆண்டவரிடம் ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவருக்கு, அது தீர்ந்ததும் ஆயிரம் விசயம் கதைக்கக் கிடைத்திருந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் அப்பா காலமானார். வாங்கின் ஓரம் எனக்கு வந்தது. அடக்கம் முடிந்த முதல் ஞாயிறு, நன்மை நேரம் வந்தபோது எனக்கு எழும்ப முடியவில்லை. அப்பா இருக்கும்வரை அவருக்குக் கிடைத்த மன்னிப்பின் நிழலில் நானும் ஒதுங்கியிருந்தேன் போலும். முழங்கால்களைச் சாய்த்து மற்றவர்களுக்கு வழிவிட்டேன். நாலு மாதம் அப்படியே போனது. என் மகளுக்கு ஒன்பது வயது, இந்த வருடம்தான் முதல் நன்மை எடுத்தாள். "அம்மா, நீங்க ஏன் வாறல்ல?" என்று கேட்டாள். "பேசாம இரு" என்றேன். என் அம்மாவின் குரல் அப்படியே என் வாயிலிருந்து வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் காக்காவின் வீட்டுக்குப் போனேன். அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன். "மூண்டாவது சாட்சி நான், காக்கா. அப்பா துரிசை இறக்கினதை நான் பாத்தன். சின்ன வயசில விளங்கல்ல. விளங்கின பிறகும் அப்பாவை ஆறு மாசம் மறிச்சு வச்சவள் நான்தான். அந்த ஆறு மாசத்துக்குள்ளதான் உங்கட வீட்டுக்காரி மவுத்தான."

 உள்ளே யாரோ தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

"அவ கேட்டுட்டுப் போயிரிந்தா நல்லமெண்டு நானும் நினைச்சிரிக்கன் புள்ள, பொய் சொல்லல்ல" என்றார். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்தார். "ஆனா அந்தச் சேத்து உடுப்பைத் தோச்சவ அவ. தண்ணி களவெடுக்கிறவனுக்குச் சேறு காலிலதானே படும், உங்களுக்கு நெஞ்சில பட்டிரிக்கி, நீங்க நெஞ்சைக் குடுத்தெல்லோ அடைச்சிரிக்கீங்க எண்டு அண்டைக்கே சொன்னா. அவக்கு ஊர் சொல்லத் தேவையிரிக்கல்ல." கையை நெஞ்சிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார். "நான் பொருந்தித்தன். இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

இருந்து குடித்தேன். சீனி கூடிப்போன தேத்தண்ணி. அழுதுகொண்டே குடித்ததில் அதுவும் உப்புக் கரித்தது. சனிக்கிழமை சுவாமியாரிடம் போய் என் பங்கைச் சொன்னேன்.

ஞாயிறு பூசையில் நன்மை நேரம் வந்தது. மகள் எழும்பி, வழக்கம்போல என் முழங்கால்கள் ஒதுங்கக் காத்து நின்றாள். நான் அவற்றை ஒதுக்கவில்லை. எழும்பி, அவளுக்கு முன்னால் நடந்தேன்.