தொப்பிக்காரியிடம் கேட்டார்கள், ராத்தாவிடம் கேட்கவில்லை

எங்கள் அக்கா, எங்கள் ராத்தா, மௌத்தாகி ஒரு வருடம் நிறைந்ததற்குக் குர்ஆன் கத்தம் ஓதி, வந்தவர்கள் கையில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். அவருக்காக துஆச் செய்யுங்கள். அதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். முழுவதும் வாசித்த பிறகு உங்களில் சிலருக்கு என்மேல் கோபம் வரும்.

இந்தப் பக்கத்தை முதலில் எழுதியது எங்கள் அண்ணன், காக்கா. "அடக்கமும் பொறுமையும் உடையவர். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர்" என்று எழுதியிருந்தார். அச்சகத்தில் நின்று வாசித்தேன். கிழித்துப் போட்டேன். அது பொய். ராத்தாவுக்குப் பேச நிறைய இருந்தது. நீங்கள் கேட்கவில்லை.

ராத்தா சாய்ந்தமருதில் பிறந்தார். காக்காவுக்கு இளையவர், எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். வாப்பாவுக்கு மாவடிப்பள்ளியில் வயல் இருந்தது. வெள்ளம் வந்த வருடங்களில் அதுவும் இல்லை. ராத்தா ஆங்கிலத்தில் கெட்டிக்காரி. தட்டெழுத்துப் படித்து, கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் வேலைக்குச் சேர்ந்தார். தம்பிலுவில்காரர். நாங்கள் அவரை ஐயா என்போம்.

ஐயாவுக்கும் அவருடைய மனைவிக்கும் பழைய அமெரிக்கப் படங்கள் என்றால் உயிர். எல்லாம் கறுப்பு வெள்ளை. காதலும் சிரிப்பும்தான். ஆனால் எப்படியாவது கதை ஒரு நீதிமன்றத்துக்குள் போய் நிற்கும். புருசனும் பெண்சாதியும் கூண்டில் ஏறிச் சண்டை பிடிப்பார்கள், நீதவான் தலையில் கை வைப்பார். ஐயாவின் மனைவி கேசட்டுகளைப் பையில் போட்டுக் கொடுத்து விடுவார். "பாருங்க பிள்ளை. கோட்டுல மனிசர் நடக்கிற விதம் விளங்கும்" என்பார் ஐயா.

சவூதியில் இருந்த மாமா கொண்டு வந்த வீடியோ டெக் எங்கள் வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன நேரம் பெண்களெல்லாம் வந்து குந்திவிடுவார்கள். ராத்தா வரிக்கு வரி தமிழில் சொல்லுவார். ஒரு படத்தில் தொப்பிக் கடை வைத்திருக்கும் ஒருத்தி. கலியாணம் முடிப்பதாகச் சொல்லி ஏமாற்றிய பணக்காரன்மேல் வழக்குப் போடுகிறாள். அவளுக்கு வக்கீல் இல்லை. நீதவானுக்கு அரைச் செவிடு. தொப்பியைக் கழற்றச் சொல்கிறார்.

"மாட்டேன், இதுதான் என்ட சாட்சி எண்டு செல்லுறாள்" என்றார் ராத்தா.

"அல்லாஹ்வே, ஜட்ஜையாவுக்கே வாய் காட்டுறாளே" என்றார் பக்கத்து வீட்டுச் சாச்சி.

"காட்டட்டும் சாச்சி. அவர்தானே கேட்டார்."

"எங்கட வீட்டுல கேட்டா நானும்தான் காட்டுவேன். ஆரு கேட்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்த நீதவான் மேசைக்கு மேலால் குனிந்து, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். "மன்னிப்பு வேணும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி" என்பாள் அவள். அந்த இடம் வந்தால் ராத்தா தமிழில் சொல்ல மறந்துவிடுவார். நாங்கள்தான் தோளில் தட்ட வேண்டும்.

ராத்தாவின் நிக்காஹ் அன்று நடந்ததை நான் சொல்லியாக வேண்டும். மணமகளின் சம்மதம் கேட்க இரண்டு பேர் வந்தார்கள். மார்க்கம் கேட்கத்தான் சொல்கிறது. வந்தவர்கள் முற்றத்தில் வாப்பாவின் தம்பி சாச்சாவோடு நெல் விலை கதைத்துக்கொண்டு நின்றார்கள். நேரம் போய்விட்டது. வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "ராத்தாக்கு ஓம்தானா?" என்றார் ஒருவர். எனக்குப் பத்து வயது. "ஓம்" என்றேன். போய்விட்டார்கள். பதிவுப் புத்தகத்தில் வாப்பா கையெழுத்து வைத்தார். ராத்தாவின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.

ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருக்கு விருப்பமான கலியாணம்தான் அது. "வாய்க்குள்ள ஓம் எண்டு வச்சிக்கிட்டு நிண்டேன், புள்ள. வாங்கிட்டுப் போக ஆருமே வரல்ல" என்று பின்னொரு நாள் சொன்னார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

எங்கள் ஊர் வழக்கப்படி மச்சான் ராத்தாவின் சீதன வீட்டுக்கு வந்து குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. ஆறாம் வருடம் கொழும்பில் வேறு ஒரு கலியாண இடம் பார்த்துக்கொண்டு விவாகரத்துக் கேட்டார். கேட்டதோடு விட்டிருந்தால் ராத்தா அழுதுவிட்டு எழும்பியிருப்பார். விவாகரத்தை விசாரிக்கும் காதியார் முன்னால் அவர் சொன்ன காரணம் இது: வேலை செய்யும் இடத்தில் கேசட் வாங்கிப் படம் பார்த்து, இவள் கெட்டுப் போனாள். அதற்குள் ஐயாவையும் சேர்த்து என்ன அர்த்தத்தை ஒளித்து வைத்தார் என்று எல்லோருக்கும் விளங்கியது.

காதி நீதிமன்றத்தில் வக்கீல் வைக்க முடியாது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பிராது தட்டெழுதிக் கொடுத்த ராத்தா, தனக்காக ஒரு தாள் அடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வழியில், முச்சக்கர வண்டிக்குள் வைத்தே சாச்சா சொன்னார்: "நீ வாயைத் திறக்காத. குடும்ப மானம். நாங்க கதைக்கிறம்."

கதைத்தார்கள். காக்கா எழும்பி, "அவ இனிப் படம் பார்க்க மாட்டா" என்றார்.

அவ்வளவுதான். காக்கா, உங்களுக்கு அது சமாதானப் பேச்சு. அங்கே இருந்தவர்களுக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்ட பேச்சு. ராத்தா கைப்பையைத் திறந்தார். சாச்சா அவரின் கையைப் பிடித்து மூடினார். எதிர்ப்பக்கத்தில் இருந்து யாரும் அப்படிச் செய்யவில்லை. எங்கள் பக்கம்தான் செய்தது.

முப்பது வருடம் அந்த ஒரு வசனம் ராத்தாவுக்குப் பின்னால் நடந்தது. கலியாண வீடுகளில் "படக்காரி வந்திருக்கா" என்று குசுகுசுத்தவர்கள் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். இரண்டு சம்பந்தங்கள் வந்து, விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. ராத்தா வேலையை விடவில்லை. படத்தையும் விடவில்லை. என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆங்கிலம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். சுனாமியில் கடல் வந்த அன்று டெக்கும் கேசட்டுகளும் வீட்டோடு போயின. ராத்தா கைப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கடைசியில் வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர், கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, இன்னொரு ஒப்பரேஷனால் பெரிய பலன் இருக்காது என்பதை ஒளிக்காமல் சொன்னார். பிறகு, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

ராத்தா என்னைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கிவிட்டார். வயிறு நோகுதே என்று பிடித்துக்கொண்டு சிரித்தார்.

காக்கா முன்னால் வந்தார். "நாங்க கதைச்சிட்டுச் செல்லுறம், டொக்டர்."

"காக்கா, கொஞ்சம் சும்மா இருங்க. என்னட்டத்தான் கேட்கிறாங்க" என்றார் ராத்தா. "எனக்கு வீட்ட போகணும், மகள். பேனையைத் தாங்க."

கையெழுத்து வைத்தார். வீட்டுக்கு விடும் தாளில் தன் பெயரை முழுவதும் எழுதினார். பதினேழு நாள் வீட்டில் இருந்தார். என் பெரிய மகள் போனில் தேடி எடுத்த பழைய படங்களை இரண்டு பேரும் பார்த்தார்கள். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, எங்கள் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடினார்.

நன்றி சொல்ல வேண்டும். "என்னால உன்ட பேர் போச்சே, பிள்ளை" என்று தான் சாகும்வரை வருந்திய ஐயாவுக்கும், ராத்தாவின் ஜனாஸாவுக்கு வந்து கடைசிவரை நின்ற அவருடைய மனைவிக்கும் நன்றி. கேள்வியை உரிய ஆளிடம் கேட்ட அந்த டொக்டருக்கு நன்றி. குளிப்பாட்டிய சாச்சிக்கும் கபுறு வெட்டியவர்களுக்கும் நன்றி. மற்றவர்களுக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. ராத்தாவுக்காக அவர் வாயால் அல்லாமல் "ஓம்" சொன்ன முதல் ஆள் நான். எனக்கும் நன்றி இல்லை. என்னை அவர் மன்னித்தாரா என்று கேட்கவும் பயந்துவிட்டேன்.

கைப்பைக்குள் அந்தத் தாள் இருந்தது. மடித்த இடங்களில் கிழிந்திருக்கிறது, எழுத்து அழியவில்லை. நான் கிழித்துப் போட்ட காக்காவின் வசனம் இருந்த இடத்தில் அதை அப்படியே போடுகிறேன்:

"கனம் காதியார் அவர்களுக்கு, விவாகரத்தை நான் மறுக்கவில்லை. சொன்ன காரணத்தை மறுக்கிறேன். நான் பார்த்தவை சிரிப்புப் படங்கள். அவற்றை என் உம்மாவோடும் தங்கச்சியோடும் இருந்து பார்த்தேன். நான் ஒரு பிழையும் செய்யவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், இந்தத் தாளை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும்."

வாசித்துவிட்டீர்கள். இனிப் பக்கத்தில் இருப்பவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.