யாராவது என்னைக் கேட்கட்டும்

போன தசராவுக்கு ஊரே விளக்குப் போட்டிருந்தபோது, மண்டி மொஹல்லா பகுதியில் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தேன். வெளிச்சத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. சபையில் என்னோடு சேர்ந்து பாடுகிற நீங்கள் இதைப் படித்து அதிர்ந்துபோவீர்கள். ஆனாலும் உண்மை அதுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் கவுன்சிலிங் கற்றுத்தருகிறவள். மனம் உடைந்தவர்களிடம் எப்படிப் பேசுவது, அதைவிட முக்கியமாக, அவர்கள் பேசுவதை எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதலில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். இந்தப் படிப்பின்மேல் இருந்த ஆசையால் அந்த வேலையை விட்டு, மறுபடி படித்து, இங்கே வந்து சேர்ந்தேன். துக்கத்தில் இருப்பவர்களைத் தேற்றுவதில்தான் எனக்கு அதிக ஈடுபாடு. இந்தக் கன்னட ஊருக்குக் கட்டட வேலைக்கு வந்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மனதில் இருப்பதைக் கன்னடத்தில் சொல்ல வராது. சனிக்கிழமைகளில் அவர்களோடு உட்கார்ந்து தமிழிலேயே பேசுவேன். அதை ஆண்டவர் கொடுத்த ஊழியமாகவே நினைத்தேன்.

அப்படிப்பட்ட எனக்குத் தூக்கம் போனது. பிறகு பசி போனது. காரணம் என்று ஒன்றும் இல்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. கணவர் ஜெயராஜ் நல்லவர். மகள் கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள். காரணமே இல்லாமலும் இது வரும் என்று வருடாவருடம் வகுப்பில் சொல்கிறவள் நான். எனக்கு வந்தபோது வெட்கப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை, கௌதள்ளியிலிருந்து வந்த ஒரு தாய் மகனைப் பறிகொடுத்ததைச் சொல்லி அழுதார். எப்போது முடிப்பார் என்று காத்திருந்தேன். என் மனம் அசையவே இல்லை. இனி நான் யாருக்கும் பயன்படமாட்டேன் என்று அன்றைக்கு முடிவுசெய்துவிட்டேன்.

"மனசு சரியில்லைங்க" என்று கணவரிடம் சொன்னேன்.

"சும்னே எதையோ யோசிச்சுக்கிட்டே இருக்கே. ரெண்டு நாள் லீவு போடு, சரியாயிடும்" என்றார், வழக்கம்போலக் கன்னடம் கலந்து.

சபையில் ஒரு சகோதரியிடம் வாயைத் திறந்தேன். "உங்களுக்கு என்னக்கா குறை? நீங்கதானே எல்லாருக்கும் ஆறுதல் சொல்றீங்க" என்று சிரித்தார். அதற்குமேல் யாரிடமும் சொல்லவில்லை.

ஜெபித்தேன். பதில் இல்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் மட்டும் தெரிந்தன. முதலில் சுகம் கேட்டேன். அப்புறம், என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். கடைசியாக ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது, "ஆண்டவரே, இதை நானாகச் சொல்ல முடியவில்லை. யாராவது என்னைக் கேட்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். விசுவாசத்தோடு சொன்னேன் என்று சொல்லமாட்டேன். வேறு ஜெபம் மிச்சமில்லை.

அந்த வாரம் வகுப்பில் ஒரு பயிற்சி. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் ஆலோசகராகவும் மற்றவர் உதவி தேடி வந்தவராகவும் பேசிப்பார்க்க வேண்டும். ஒருவர் வராததால் சுதாவுக்கு ஜோடி இல்லை. சுதா கொள்ளேகால்காரர், நாற்பது வயதுக்கு மேல் படிக்க வந்த நர்ஸ். நானே அவர் எதிரில் உட்கார்ந்து, தாயை இழந்த பெண்ணாக நடிப்பதாகச் சொன்னேன்.

இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். சுதா என் முகத்தையே பார்த்தார்.

"தூக்கம் வருதுங்களா?"

"இல்லை."

"சாப்பிடறீங்களா?"

நடிப்பை மறந்து, அதற்கும் இல்லை என்றேன்.

"செத்துப்போயிரலாம்னு தோணுதுங்களா?"

அந்தக் கேள்வியைச் சுற்றிவளைக்காமல் கேட்க வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஆமா" என்றேன். கண்ணீர் கொட்டியது.

மற்றவர்கள் தங்கள் ஜோடியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். சுதா நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்தினார். "மேடம், இது நடிப்பு இல்லீங்களே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சரிங்க. இன்னிக்கு உங்களத் தனியா விடமாட்டனுங்க."

ஆட்டோவில் வீடுவரை வந்தார். ஜெயராஜிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். ஜெயராஜ் திகைத்துப்போய், "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னேங்க" என்றேன். அவர் அழுதார். மறுநாள் மூன்று பேருமாக மனநல மருத்துவரிடம் போனோம்.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடாமல் உட்கார்ந்திருந்தேன். ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில், ரசம் தாளிக்கிற வாசனைக்குப் பசித்தது. அடுப்படியில் நின்றபடியே சாதம் பிசைந்து சாப்பிட்டேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று தானாக வாயில் வந்தது.

பூரண சுகம் கிடைத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. மாத்திரை தொடர்கிறது. சில காலைகளில் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை. ஆனால் இப்போது அதை மறைப்பதில்லை. ஜெயராஜும் தினமும் கேட்கிறார். வகுப்புக்குப் போகிறேன். சனிக்கிழமைகளில் அழுகிறவர்களோடு மறுபடி அழ முடிகிறது. சுதா நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அவரை அனுப்பியது ஆண்டவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால், சொல் வராவிட்டாலும் ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் சிரித்தால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். அதற்கும் ஆள் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருப்பேன்.