ஆறு மாதம் கழித்து அதே படிவம்

தனியாக இருக்கும் முதியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவரும் சேவையில் நானும் சில வருடங்கள் இருந்தேன். புது ஆட்களிடம் பேசவே கூச்சப்படும் எனக்கு, காக்ஸ் டவுனில் மனைவியை இழந்த ஒரு பெரியவரைக் கொடுத்தார்கள்.

முதல் சனிக்கிழமை ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். "தனிமையாக உணர்கிறீர்களா?" என்று தலை நிமிராமல் வாசித்தேன்.

"சேச்சே, எனக்கென்ன குறை? நல்லாத்தான் இருக்கேன்" என்றார். 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

அதன்பின் வாராவாரம் போனேன். அவர் காபி போடுவார். ரேடியோவில் கன்னடச் செய்தி ஓடும். பாதி நேரம் இருவரும் பேசவே மாட்டோம். அதுவே நன்றாக இருக்கும்.

ஆறு மாதம் கழித்து அதே படிவம் வந்தது. இந்த முறை அவர் சிரித்தார்.

"உங்கிட்ட என்ன தம்பி மறைக்கிறது? சர்ச்சுக்குப் போயிட்டு வந்தா கதவத் தொறக்கவே மனசு வராது. 'எப்போதும்'னு போடு."

அலுவலகத்தில் சேவையின் பொறுப்பாளர் மேடம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீங்க போக ஆரம்பிச்சப்புறம் தனிமை ஜாஸ்தி ஆயிருக்கே! வேற ஆளை அனுப்பட்டுமா?"

"மேடம், மொதல் நாள் நான் யாரோ. யாரோ ஒருத்தன்கிட்ட யாராவது மனசு விட்டுச் சொல்வாங்களா? இப்பத்தான் உண்மையச் சொல்றாரு" என்றேன். அங்கே நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

மேடம் முதல் தாளைக் கணக்கில் சேர்க்காமல் தனியே எடுத்துவைத்தார். பெரியவர் மகளோடு சென்னைக்குப் போகும்வரை நான்தான் போய்வந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் எனக்குத்தான் பொழுது போவதில்லை.