பெந்தா கடை மீன்

“நான் எழுதின வரி எழுதினதுதான். ஜனாதிபதியே வாசல்ல வந்து நின்னாலும் ஒரு எழுத்தை மாத்த மாட்டேன்.” டக்காரை ஒட்டிய கெஜவாய்ப் பேட்டையின் வானொலியில் ஜெகான் ஃபாய் இப்படி அறிவித்தபோது பேட்டையே நம்பியது. ஜனாதிபதி அந்தப் பக்கம் வருகிற வழக்கம் இல்லாததால் சோதித்துப் பார்க்க வழியில்லை.

ஜெகான் நாற்பதை நெருங்கும் ராப் பாடகர். வயிற்றுப்பாட்டுக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர். தோன்றும் வரியைக் கைக்கெட்டிய ஃபிரிட்ஜின் கதவிலேயே சாக்பீஸால் எழுதிவிடுவார். அவருடைய உருக்கமான சரணம் ஒன்று இன்றும் ஒரு தையல்காரர் வீட்டில் வெண்டைக்காயைக் காத்து நிற்கிறது. பாடகருக்கு அடையாளமாயிற்றே என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. எந்த ஒயர் நீலம், எது பச்சை என்று வாடிக்கையாளரையே கேட்டுக்கொள்வார்.

புதிய பாட்டில் ஒரு வரி: ‘பெந்தா கடைச் சோற்றில் மீனைத் தேடினேன், அது கடலுக்கே திரும்பிவிட்டது.’

பெந்தா சோவ் எதிர்ச்சாரியில் மதியத்துக்கு மீன் சோறு விற்பவர். ஜெகான் செரேர் இனம், பெந்தா ஃபுலா இனம். இரு இனத்தாருக்கும் தலைமுறையாகக் கேலி முறை. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் ஊர் சிரிக்கும். ஆகவே அந்த வரி, முறைப்படி பார்த்தால், ஒரு மரியாதை.

ஆனால் பாட்டு பேட்டையைத் தாண்டிப் போய்விட்டது. முறை தெரியாத வெளியூர் பஸ் ஓட்டிகள் அதைத் துப்பறியும் அறிக்கையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மதியம் ஜெகான் சாப்பிடப் போனபோது அடுப்பில் சின்னப் பானை இருந்தது.

“பெரிய பானை எங்க மதினி?”

“ஓய்வெடுக்குது. சாப்பிட ஆள் வேணாமா, சோத்து மூட்டை?”

“பஸ் ஸ்டாண்டு ஆளுங்க?”

“உன் பாட்டைக் கேட்டுட்டு மீனைத் தேடிக் கடலுக்குப் போயிட்டாங்க போல.”

“கோவமா?”

“செரேர்க்காரன் மேல கோவப்பட்டா எங்கப்பன் குழியில எழுந்து உக்காருவான். வாயை மூடிட்டுத் தின்னு.”

சிரித்தபடிதான் சொன்னார். எப்போதும்போலப் பெரிய துண்டாகப் பார்த்துத் தட்டில் வைத்தார். ஜெகான் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். இருபது வருடப் பழக்கத்தில் பெந்தா இப்படி அவரைப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மாலை மணல் மைதானத்தில் கச்சேரி. முன்வரிசை முழுக்க பஸ் ஓட்டிகள். அந்த வரி நெருங்கியதும் ஜெகானை முந்திக்கொண்டு கூட்டமே முழங்கியது. அவர் கையைத் தூக்கி இசையை நிறுத்தினார்.

“தப்பாப் பாடுறீங்க,” என்றார் தாழ்ந்த குரலில். “இப்படி: ‘பெந்தா கடையில் சோற்றைத் தேடினேன், மீன் மறைத்துக்கொண்டு கிடந்தது.’”

“அண்ணே, கேசட்டுல அப்படி இல்லியே,” என்றான் ஒருவன்.

“கேசட்டு கிடக்கட்டும். பாடு.”

கூட்டம் மறுபடி பழையதையே பாடியது. நாலாவது தடவை கடைசி வரிசை வரைக்கும் சரியாக வரும்வரை ஜெகான் அடுத்த வரிக்குப் போகவில்லை.